ஐந்து மணிக்குமேல் முகாம்

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கியது. அதன் முழக்கம் 'எனக்காக அல்ல, உனக்காக'. ஏழு நாள் சிறப்பு முகாமென்றால் மாணவர்கள் கிராமத்திலேயே தங்கிப் பணியாற்ற வேண்டும்.

பேசப்போன மேல்நிலைப் பள்ளி முகாம்களில் நான் கண்டது வேறு. மண்வெட்டியும் கடப்பாரையும் பையன்களுக்கு. துடைப்பமும் கோலப்பொடியும் பெண்களுக்கு. பந்தியில் சாம்பார் வாளி தூக்குவதும் அவர்களே. ஐந்து மணியானால், "பொம்பளப் பிள்ளைங்கல்லாம் கிளம்புங்க" என்று குரல் வரும். பையன்கள் மண்டபத்தில் பாய் விரித்து, பாடி, சண்டையிட்டு, நட்சத்திரம் பார்த்து உறங்குவார்கள். சான்றிதழில் மட்டும் இருவருக்கும் ஏழு நாள்.

இது முகாமில் முளைத்த வழக்கமல்ல. வகுப்பறையைப் பெருக்கும் முறை யாருடையது? பெஞ்சு தூக்க "ரெண்டு பசங்க வாங்க" என்பது யார்? விருந்தினருக்குத் தேநீர்த் தட்டோடு யாரை அனுப்புகிறோம்? ஆசிரியர்களாகிய நாம்தான் இதைப் பழக்கினோம். முகாம் என்பது சுவரில்லாத வகுப்பறை, அவ்வளவே.

கேட்டால் "பாதுகாப்பு" என்பார்கள். பூட்டுள்ள அறை, விளக்கு, தண்ணீர் வரும் கழிப்பறை, உடன் தங்கும் ஆசிரியை: பாதுகாப்பு என்றால் இவைதான். வீட்டுக்கு அனுப்புவது கைகழுவுவது. கழிப்பறை இல்லாத இடத்தில், பகலெல்லாம் தண்ணீரே குடிக்காமல் தெருப் பெருக்குகிறாளே, அவளை யார் பாதுகாத்தீர்கள்?

'உனக்காக' வாழப் பெண்ணுக்கு முகாம் போட்டுக் கற்றுத்தர வேண்டாம். பிறந்ததிலிருந்து வீடு அதைத்தான் ஓதுகிறது. அவளுக்கு வேண்டியது ஒரு மண்வெட்டி, ஒரு பாய், ஓர் இரவு. துடைப்பத்தைப் பையனிடம் கொடுங்கள். அந்த முழக்கம் அவனுக்குத்தான் புதுப்பாடம்.