"அட்சரகணிதத்தை விட்டுவிடு" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. சா/த எழுதப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் கடைசி வரை வாசியுங்கள். கணிதம் படிப்பிக்கும் சக ஆசிரியர்கள் சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை. முழுதாக வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

விசயம் இதுதான். தரம் 10 தொடங்கிய முதலாம் தவணையிலேயே வகுப்பில் ஒரு கோடு போடப்படுகிறது. இந்தப் பக்கம் "ஏ எடுக்கிற பிள்ளைகள்". அந்தப் பக்கம் "35 எடுத்தால் போதும்" என்கிற பிள்ளைகள். அந்தப் பக்கம் விழுந்த பிள்ளைக்கு ஒரு கட்டு போட்டோ கொப்பி கொடுக்கிறார்கள். தொடை, சதவீதம், சுற்றளவு, பரப்பளவு, வட்ட வரைபு, கொஞ்சம் புள்ளிவிபரம். "இதை மட்டும் செய். காரணி, சமன்பாடு, வரைபு எல்லாம் உனக்குச் சரிவராது, அட்சரகணிதத்தை விட்டுவிடு."

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்ல எங்களுக்கு யார் உரிமை தந்தது?

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணித வினாத்தாள் இரண்டு. முதல் பத்திரம் 2 மணித்தியாலம். அதில் பகுதி அ வில் 25 சிறு வினாக்கள், ஒன்றுக்கு 2 புள்ளி. பகுதி ஆ வில் 5 வினாக்கள், ஒன்றுக்கு 10 புள்ளி. இரண்டாம் பத்திரம் 3 மணித்தியாலம். 12 வினாக்களில் 10 க்கு விடை எழுத வேண்டும், ஒன்றுக்கு 10 புள்ளி. மொத்தம் 200, அதை 2 ஆல் வகுக்கிறார்கள். 75 க்கு ஏ, 65 க்கு பீ, 50 க்கு சீ, 35 க்கு எஸ். அதற்குக் கீழே டபிள்யூ.

இரண்டாம் பத்திரத்தில் விடுவதற்கு இடம் இரண்டே இரண்டு வினாவுக்குத்தான் இருக்கிறது. அட்சரகணிதத்தை விட்ட பிள்ளை எத்தனை வினாவை விடுகிறது என்று பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து எண்ணிப் பாருங்கள். இருபடிச் சார்பின் வரைபு போகிறது. ஒருங்கமை சமன்பாடு போகிறது. கூட்டல் விருத்தி, பெருக்கல் விருத்தி போகிறது. கேத்திர கணிதத்தில் கோணத்துக்கு எக்ஸ் என்று போட்டிருந்தால் அதுவும் போகிறது. கனவளவில் சூத்திரத்தை மாற்றி ஆரையைக் காணச் சொன்னால் பாதி வினா போகிறது. "ஒரு பாடத்தை விட்டோம்" என்று நினைக்கிறோம். உண்மையில் வினாத்தாள் முழுக்க ஓட்டை விழுகிறது.

சரி, எப்படியோ 35 வந்துவிட்டது என்று வையுங்கள். அரச முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர் வேலைக்கு வரும் வர்த்தமானி அறிவித்தலை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். ஆறு பாடச் சித்தி, அதில் மொழி, கணிதம் உட்பட நான்கு பாடங்களில் திறமைச் சித்தி. கணிதத்தில் சீ கேட்கிறார்கள், அதாவது 50. எங்கள் பிள்ளைகளின் வாப்பாமாரும் அப்பாமாரும் "ஒரு கவர்மெண்ட் வேலை கிடைத்தால் போதும்" என்று சொல்கிறார்களே, அந்த வேலையின் வாசலில் 50 என்று எழுதியிருக்கிறது. தரம் 10 இல் "35 போதும்" என்று சொன்னவர் அந்தக் கதவை இரண்டு வருடத்துக்கு முன்பே பூட்டிவிட்டார். பிள்ளைக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது.

"அரச வேலை எல்லோருக்குமா கிடைக்கப் போகுது சேர்? இவன் வயலுக்குத்தானே போவான், கடையில்தானே நிற்பான்" என்பார்கள். அப்படியானால் இன்னும் கூடுதலாகத் தேவை.

வில்கமுவ எங்கே என்று தெரியாதவர்களுக்கு: மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரம். மகாவலியும் வஸ்கமுவ வனமும் அயல். நெல்லும் தோட்டமும்தான் பிழைப்பு. இந்த மாதிரி ஊர்களில் கடன் வாங்காத வீடு குறைவு. வட்டியே கூடாது என்பது எங்கள் மார்க்கத்தின் நிலைப்பாடு, அதில் பேச்சில்லை. ஆனாலும் உரத்துக்கும், முச்சக்கர வண்டி லீசிங்குக்கும், குழுக்கடனுக்கும் ஊரில் கையெழுத்து வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெரும்பாலும் உம்மாமார்.

ஒருவர் வந்து "60,000 ரூபாய், வருடத்துக்கு 24 சதவீதம், 12 மாதத்தில் கட்டலாம்" என்கிறார். கேட்க ஒரே பேச்சுத்தான். ஆனால் அதில் இரண்டு கணக்கு இருக்கிறது.

ஒன்று, முழுத்தொகைக்கும் முழு வருடத்துக்கும் வட்டி போடுவது. 60,000 இல் 24 சதவீதம் 14,400 ரூபாய். மாதம் 6,200 கட்ட வேண்டும்.

மற்றது குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி. மாதம் 5,000 முதல் குறைகிறது. 5,000 க்கு ஒரு மாத வட்டி 100 ரூபாய். மாத அலகுகள் 12 இலிருந்து 1 வரை கூட்டினால், அதாவது 12 ஐ 13 ஆல் பெருக்கி 2 ஆல் வகுத்தால், 78. ஆகவே வட்டி 7,800 ரூபாய். மாதம் 5,650.

ஒரே 24 சதவீதம். வித்தியாசம் 6,600 ரூபாய். இந்தக் கணக்கு எங்கள் சா/த பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. அந்த 78 எங்கிருந்து வந்தது என்று புரிய, எண்ணுக்குப் பதிலாக எழுத்தைப் போட்டு யோசிக்கத் தெரிய வேண்டும். 12 மாதம் 18 ஆனால் என்ன, 24 ஆனால் என்ன என்று பிள்ளை தானே கேட்க வேண்டும். அதற்குப் பெயர்தான் அட்சரகணிதம்.

நெல் வியாபாரி மூடைக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று கழிப்பதும் இதே கதைதான். மூடைகளின் எண்ணிக்கை ஒரு எழுத்து, கழிவு ஒரு எழுத்து, விலை ஒரு எழுத்து. கழிவை அடைப்புக்குள் வைக்கத் தெரிந்த பிள்ளை, "கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டித் தாறேன், கழிவு கொஞ்சம் கூட எடுக்கிறேன்" என்று ஒருவர் சொல்லும்போது யாருக்கு லாபம் என்று நின்ற இடத்தில் சொல்லிவிடும்.

இனி எங்கள் வகுப்பில் புள்ளி போடும் முறை. இதைப் பற்றி வட்சப் குழுக்களில் நிறையப் பேச்சு நடக்கிறது. நேரடியாகவே சொல்கிறோம்.

ஒன்று. யாருக்கும் அட்சரகணிதம் விலக்கு இல்லை. வகுப்பில் கடைசியாக நிற்கிற பிள்ளையும் ஒருங்கமை சமன்பாடு செய்யும். மெதுவாகச் செய்யும், ஆனால் செய்யும்.

இரண்டு. விடைக்கு மட்டும் புள்ளி இல்லை, படிக்குப் புள்ளி. பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித் திட்டமும் அப்படித்தான். இரண்டு சமன்பாட்டையும் சரியாக அமைத்து, ஒன்றைச் சரியாக நீக்கி, கடைசி வரியில் மறைக்குறியைத் தவறவிட்ட பிள்ளைக்குப் பெரும்பகுதிப் புள்ளி கிடைக்கும். வழி காட்டாமல் வெறும் விடையை எழுதிய பிள்ளைக்குக் கிடைக்காது. "விடை சரிதானே" என்று சண்டைக்கு வர வேண்டாம்.

மூன்று. 32 என்றால் 32 தான். 35 ஆக்க மாட்டோம். "மூன்று புள்ளிதானே, பிள்ளையின் மனம் நோகும்" என்கிறார்கள். தவணைப் பரீட்சையில் கூட்டிப் போட்ட மூன்று புள்ளி சா/த பரீட்சைக்குக் கூட வராது. அங்கே விடைத்தாள் திருத்துபவருக்கு உங்கள் பிள்ளையும் தெரியாது, உங்களையும் தெரியாது. அளவையில் மோசம் செய்பவர்களை எச்சரிக்க அல்குர்ஆனில் தனியாக ஒரு அத்தியாயமே இருக்கிறது, 83 ஆவது. தராசுக்கு மட்டும்தான் அது என்று நாங்கள் நினைக்கவில்லை. புள்ளியும் ஒரு அளவைதான்.

நான்கு. இரண்டாவது வாய்ப்பு உண்டு. அலகுப் பரீட்சையில் பின்னால் நின்ற பிள்ளை தன் பிழைகளைத் தானே திருத்தி, எங்கே பிழைத்தது என்று ஒரு வரி எழுதிக் கொண்டுவர வேண்டும். இரண்டு கிழமைக்குள் வேறு வினாக்களோடு மீண்டும் எழுதலாம். புதிய புள்ளிதான் பதிவில் ஏறும். "முதலிலேயே நல்லாச் செய்த பிள்ளைக்கு இது அநியாயம்" என்று சிலர் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளையின் புள்ளி ஒன்றும் குறையவில்லையே. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு விளங்கியது உங்கள் பிள்ளைக்கு எப்படி நட்டமாகும்?

ஐந்து. வீட்டுப் பயிற்சிக்குப் புள்ளி இல்லை. புள்ளி போட்டால் இரவு பத்து மணிக்கு ஒரு கொப்பியின் படம் வட்சப்பில் முப்பது வீட்டுக்குப் போகும். ஆனால் செய்யாமல் வந்தால் இடைவேளையில் எங்களோடு இருந்து செய்ய வேண்டும். அது தண்டனை இல்லை, பாடம்.

ஆறு. வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று அறிவிக்க மாட்டோம். கேட்டாலும் சொல்ல மாட்டோம். எது தெரியும், எது தெரியாது என்று கேளுங்கள், அரை மணித்தியாலம் இருந்து சொல்கிறோம்.

இவ்வளவுதான் எங்கள் சட்டம். இதில் கடுமை எங்கே, இரக்கம் எங்கே என்று நீங்களே பாருங்கள். இல்லாத மூன்று புள்ளியைத் தந்து வீட்டுக்கு அனுப்புவது இரக்கமா, இன்னொரு தடவை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பது இரக்கமா?

மறுபக்க நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். 2020 இலும் 2021 இலும் பாடசாலைகள் மூடிக் கிடந்தன. மறை எண்ணும், எழுத்தைக் கொண்டு கோவை அமைப்பதும் தொடங்குகிற சின்ன வகுப்புகளில் அப்போது இருந்த பிள்ளைகள் அந்த அத்திவாரம் இல்லாமலே மேல் வகுப்புக்கு வந்தார்கள். சிக்னல் இல்லாத ஊர்களில் ஒன்லைன் வகுப்பு என்பது பெயருக்குத்தான் இருந்தது. அந்தச் சுமை ஆசிரியர் தலையில் விழுந்தது, கூடவே "சித்தி வீதம் எத்தனை?" என்ற கேள்வியும் விழுந்தது. பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது, தத்தளிக்கிற பிள்ளையைப் பிடித்து 35 க்கு இழுத்து விடும் ஆசிரியரை நாங்கள் குறை சொல்லவில்லை. அது முதலுதவி. எஸ் ஒன்று கூட இல்லாமல் போவதை விட எஸ் நல்லது.

ஆனால் முதலுதவியை தரம் 10 இன் முதல் மாதத்திலேயே தொடங்கினால் அதற்குப் பெயர் முதலுதவி இல்லை, கைவிடுதல். இரண்டு வருடம் என்பது நீண்ட காலம். எக்ஸையும் மூன்றையும் கூட்டி வர்க்கித்தால் எக்ஸ் வர்க்கமும் ஒன்பதும் என்று எழுதுகிற பிள்ளைக்கு, எக்ஸுக்கு 2 போட்டுப் பார் என்று சொன்னால் போதும். ஒரு பக்கம் 25 வரும், மறுபக்கம் 13 வரும். பிள்ளையே சிரித்துவிட்டு அழிக்கும். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்காமல், மூளை இல்லை என்று முடிவு கட்டுவது என்ன நியாயம்?

கொழும்பில், கண்டியில் ஒரு சேர் விட்ட பாடத்தை இன்னொரு சேர் டியூசனில் பிடித்துவிடுவார். எங்கள் பக்கம் பொழுது பட்டால் யானைப் பயம். பின்னேர வகுப்புக்குப் பிள்ளையை அனுப்ப எந்த உம்மாவுக்கு மனம் வரும்? இங்கே பாடசாலையில் விட்டால் விட்டதுதான். வினாத்தாள் மட்டும் நாடு முழுக்க ஒன்று.

கடைசியாக எங்கள் சமூகத்துக்கு ஒரு வார்த்தை. அல்குவாரிஸ்மியின் படத்தைப் போட்டு "அல்ஜிப்ராவைத் தந்தவர் முஸ்லிம்" என்று வருடா வருடம் ஸ்டேட்டஸ் வைக்கிறோம். 9ஏ எடுத்த பிள்ளைக்குச் சந்தியில் பெனர் கட்டுகிறோம். நல்லது. ஆனால் அவர் 820 ஆம் ஆண்டளவில் பக்தாதில் எழுதிய அந்த நூலில் பெரும்பகுதி எதைப் பற்றியது தெரியுமா? வாரிசுச் சொத்துப் பங்கு, மரண சாசனம், வியாபாரம். குறியீடு ஒன்றும் இல்லாமல், எல்லாவற்றையும் வசனத்திலேயே எழுதினார். கெட்டிக்காரப் பிள்ளைகள் பத்துப் பேருக்காக எழுதியதில்லை அது. சாதாரண சனங்களுக்குள் பங்கு பிரிப்பதில் பிழை வரக்கூடாது என்று எழுதியது. "ஜப்ர்" என்ற சொல்லுக்கு உடைந்த எலும்பைப் பொருத்துதல் என்றும் அரபியில் பொருள் உண்டு. அவர் பெயரில் பெருமைப்பட்டுக்கொண்டு, எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரை "உனக்கு இது வேண்டாம்" என்று எழுப்பி அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

பெற்றோரிடம் கேட்பது மூன்றே மூன்று. பிள்ளையின் கொப்பியைக் கிழமைக்கு ஒரு தடவை திறந்து பாருங்கள். விளங்காவிட்டாலும் பரவாயில்லை, திறந்து பாருங்கள். "நானும் கணக்கில் மக்குத்தான்" என்று பிள்ளை முன்னால் சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளையை "35 பட்டியலில்" போட்டிருந்தால், எந்த மாதத்தில், எதைப் பார்த்துப் போட்டீர்கள் என்று மரியாதையாகப் போய்க் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

சக ஆசிரியர்களே, மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். பதில் சொல்கிறோம். பிள்ளைகளின் பெயரை மட்டும் இங்கே இழுக்க வேண்டாம்.

பரீட்சை எழுதப் போகும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் துஆச் செய்யுங்கள்.