விலாங்கு மீனின் படுக்கையில் நான்கு இரவுகள்

டாக்சி ஓட்டுநர் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். அதற்குமேல் கார் போகாது. மணி இரவு எட்டரை. நாங்கள் ஐந்து பேர், நான்கு பெட்டிகள். கல் பாவிய சந்தில் பெட்டிச் சக்கரங்கள் கடகடவென்று சத்தம் போட, கைப்பேசி வெளிச்சத்தில் வீட்டு எண்ணைத் தேடிக்கொண்டே நடந்தோம். அந்தச் சத்தம் எத்தனை வீடுகளுக்குள் கேட்டிருக்கும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

டிசம்பர் விடுமுறைக்குக் கியோட்டோ போவது என்று முடிவானதும், ஹோட்டல் வேண்டாம், பழைய வீடு ஒன்றில் தங்கலாம் என்று சொன்னது நான்தான். கணக்கும் ஒத்துவந்தது. ஹோட்டலில் இரண்டு அறை எடுப்பதைவிட ஒரு முழு வீட்டின் வாடகை குறைவாக இருந்தது. ஓரிரவுக்கு ஏறத்தாழ 900 ரிங்கிட். அம்மாவுக்கு 71 வயது, சுத்த சைவம். ஜப்பானில் காய்கறிச் சூப் என்று வைப்பதில்கூட மீன் சாறு கலந்திருக்கும். அடுப்படி உள்ள வீடாக இருந்தால் ஒரு ரசமாவது வைத்துக்கொள்ளலாம்.

கியோட்டோவின் பழைய மர வீடுகளுக்கு மச்சியா என்று பெயர். வியாபாரிகளும் கைவினைஞர்களும் முன்னால் கடை, பின்னால் குடும்பம் என்று வாழ்ந்த வீடுகள். முகப்பு குறுகலாக இருக்கும், உள்ளே நீளமாகப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் இதை 'விலாங்கு மீனின் படுக்கை' என்பார்கள். முகப்பின் அகலத்தைப் பார்த்து வரி போட்டதால்தான் இப்படிக் கட்டினார்கள் என்று ஒரு கதையும் உண்டு. தெருவை ஒட்டி மரச்சட்டங்களால் ஆன கிராதி. உள்ளே இருப்பவருக்கு வெளியே தெரியும், வெளியே போகிறவருக்கு உள்ளே தெரியாது.

கதவைத் திறந்ததும் ஒரு தாழ்ந்த தரை. காலணிகள் அங்கேயே நின்றுவிட வேண்டும். ஒரு படி ஏறினால் வீடு தொடங்குகிறது. அங்கே வைத்திருக்கும் செருப்பு மரத்தரைக்கு மட்டும்தான். தத்தாமிப் பாயில் அதற்கும் இடமில்லை, வெறுங்கால் அல்லது காலுறை. என் மகன் பெட்டியைத் தத்தாமியில் உருட்டப் போனபோது அம்மாதான் தடுத்தார். "டேய் தம்பி, பாய்டா அது, கிழிஞ்சிடும்!"

அம்மா சொன்னது சரி. தத்தாமியின் மேல்பரப்பு கோரையால் நெய்தது. கியோட்டோ அளவில் ஒரு பாய் ஏறத்தாழ 191 சென்டிமீட்டர் நீளம், அதில் பாதி அகலம். தோக்கியோ பக்கத்துப் பாயைவிட இது பெரியது. அறையின் அளவைச் சதுர அடியில் சொல்வதில்லை, ஆறு பாய் அறை, எட்டுப் பாய் அறை என்றுதான் கணக்கு. அம்மா குனிந்து பாயை முகர்ந்து பார்த்தார். "எங்க வீட்டுக் கோரைப் பாய் வாசனை" என்றார்.

அடுப்படிக்குப் போனவர் அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார். அங்கே மேல்மாடி இல்லை. கூரை வரைக்கும் திறந்த வெளி, குறுக்கே பெரிய உத்தரங்கள், உச்சியில் ஒரு சன்னல். விறகடுப்புக் காலத்தில் புகையும் வெப்பமும் மேலே போய்விட வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டியிருக்கிறார்கள். இப்போது அங்கே இருப்பது மின்அடுப்பு. அதற்குப் பின்னால் இரண்டு பாய் அளவில் ஒரு முற்றம். ஒரு கல்விளக்கு, கொஞ்சம் பாசி, ஒரு சிறு மரம். நீளமான வீட்டின் நடுவில் வெளிச்சமும் காற்றும் அந்த வழியாகத்தான் வருகின்றன.

மாடிப்படி பெட்டிகளை அடுக்கியதுபோல் செங்குத்தாக இருந்தது. அம்மா அதை ஒருமுறை பார்த்துவிட்டு, "நான் கீழேயே படுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் இருவருக்கும் மாடி கிடைத்த மகிழ்ச்சி. பத்தரை மணி வரைக்கும் ஓடினார்கள், குதித்தார்கள். பயணக் களைப்பு, விட்டுவிடலாம் என்று நானும் இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வீட்டைப் பராமரிக்கும் இளைஞரிடமிருந்து குறுஞ்செய்தி. மிகவும் பணிவாக எழுதியிருந்தார். பக்கத்து வீட்டுச் சுவரும் நம் சுவரும் ஏறத்தாழ ஒட்டியே இருக்கின்றன, மூங்கில் பின்னலில் மண் பூசிய சுவர் என்பதால் ஓசை கடந்து போகும், ஒன்பது மணிக்குமேல் அமைதியாக இருக்க முடியுமா என்று கேட்டிருந்தார். வீட்டு விதிமுறைத் தாளிலும் அது முதல் வரியாகவே இருந்தது. நான்தான் வைஃபை கடவுச்சொல்லைத் தேடி மூன்றாம் பக்கத்துக்குப் போயிருந்தேன்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்று நிஷிக்கி சந்தைக்குப் போனபோது அம்மா ஒரு பெட்டி இனிப்பு வாங்கச் சொன்னார். மாலையில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினோம். அம்மாவைவிடப் பத்து வயதாவது மூத்த ஒரு பாட்டி வந்தார். எனக்குத் தெரிந்த ஒரே மன்னிப்புச் சொல்லை மூன்று முறை சொன்னேன். பிள்ளைகள் தலைகுனிந்து நின்றார்கள். பாட்டி இனிப்பை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு ஏதோ சொன்னார். கோபமா, பரவாயில்லை என்றாரா, புரியவில்லை.

மூன்றாம் நாள் காலை எழுந்து பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. வாசலில் துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். நம் வாசலைக் கூட்டி முடித்து, பக்கத்து வீட்டு வாசலையும் பாதிக்குமேல் கூட்டியாகிவிட்டது. அந்தப் பாட்டியும் துடைப்பத்தோடு வெளியே வந்தார். அம்மாவைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே மீதியைக் கூட்டினார். பிறகு நம் வாசல் பக்கம் ஓர் அடி தூரம் மட்டும் கூட்டிவிட்டு, தலை வணங்கி உள்ளே போனார்.

அன்று துண்டுகள் மாற்ற வந்த இளைஞரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். கியோட்டோவில் அவரவர் வாசலைக் கூட்டும்போது பக்கத்து வீட்டுப் பக்கமும் ஓர் அடி சேர்த்துக் கூட்டுவது வழக்கமாம். அதைக்கூடச் செய்யாவிட்டால் மனிதத்தன்மை இல்லாதவர். அதற்குமேல் போனால் பக்கத்து வீட்டாரைக் கடனாளி ஆக்கியதுபோல் ஆகிவிடும். "பரவாயில்லை, உங்கள் அம்மா வெளிநாட்டுக்காரர்" என்றார். மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா அசரவில்லை. "நம்ம தாமான்ல கோலம் பக்கத்து வீட்டு கேட் வரைக்கும் போகும். யாரு கேட்டா?"

பிறகு அம்மா அவரிடம் ஒன்று கேட்கச் சொன்னார். "இந்த வீட்டுல இருந்தவங்க எங்கே போனாங்க?"

நானும் என் கணவரும் மூன்று நாளாகக் கேட்காத கேள்வி அது.

இளைஞர் சொன்னார். ஒரு மூதாட்டி தனியாக இருந்தார். அவர் காலமானார். பிள்ளைகள் தோக்கியோவில். வாரிசு வரி கட்ட வேண்டும், கூரை ஒழுகியது, திருப்பி வந்து வாழ ஆளில்லை. இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கிவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. பிறகுதான் விடுமுறை வீடாக மாற்ற ஒருவர் முன்வந்தார். இந்தச் சந்தில் இப்படி மாறியது இது மூன்றாவது வீடு என்றார். மீதி ஐந்தில் ஆட்கள் இருக்கிறார்கள், எல்லாரும் வயதானவர்கள்.

கியோட்டோ முழுவதும் நடப்பது இதுதான். 1864-இல் நடந்த பெருந்தீயில் நகரின் மையப்பகுதி எரிந்துபோனதால், அந்தப் பகுதியில் இன்று நிற்கும் மச்சியாக்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு கட்டப்பட்டவை. இரண்டாம் உலகப் போரின் பெருங்குண்டுவீச்சுகளிலிருந்து தப்பிய நகரம் அது. ஆனால் 1950-இல் வந்த கட்டடச் சட்டத்திற்குப் பிறகு, தீத்தடுப்பு, நிலநடுக்க விதிகளால் அந்தப் பழைய முறையில் புதிதாகக் கட்டுவது ஏறத்தாழ இயலாமல் போனது. எனவே ஒன்று இடிந்தால் ஒன்று குறைந்ததுதான். 2016-இல் முடிந்த மாநகராட்சியின் கணக்கெடுப்பில் சுமார் 40,000 மச்சியாக்கள் இருந்தன. அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 47,000. நாளுக்கு இரண்டு வீட்டுக்கும் மேல் போய்க்கொண்டிருந்தது என்று கணக்கு.

காப்பாற்ற முயன்றவர்களும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸ் கெர் 2000-களின் தொடக்கத்தில் பழைய மச்சியாக்களைச் சீரமைத்து, முழு வீட்டையும் பயணிகளுக்கு வாடகைக்கு விடத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த வழியில் பல வீடுகள் பிழைத்தன. அதோடு அக்கம்பக்கத்தின் தொல்லையும் வந்தது. 2018-இல் ஜப்பான் தனியார் வீடுகளை வாடகைக்கு விடுவதை ஆண்டுக்கு 180 நாள் என்று கட்டுப்படுத்தியது. கியோட்டோ இன்னும் கடுமையாக, குடியிருப்புக்கே ஒதுக்கிய பகுதிகளில் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை மட்டும் என்று வைத்தது. விடுதி உரிமம் பெற்ற வீடுகளுக்கு இந்த வரம்பு இல்லை. கியோன் வட்டாரத்தில் கெய்ஷாக்களைத் துரத்திப் படம் எடுக்கும் கூட்டம் தாங்காமல், 2024-இல் தனியார் சந்துகள் சிலவற்றில் பயணிகள் நுழையவே தடை வந்தது.

அன்றிரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு, கீழே சூடேற்றும் மேசையின் போர்வைக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். அம்மா தன் வீட்டைப் பற்றிப் பேசினார். ஜார்ஜ்டவுனில் அவர் பிறந்து வளர்ந்த கடைவீடு. முன்னால் தாத்தாவின் மசாலா அரைக்கும் கடை, நடுவில் வானம் தெரியும் முற்றம், பின்னால் அடுப்படி. அதுவும் குறுகலாக நீண்ட வீடுதான். சொந்த வீடில்லை, வாடகை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000 தொடக்கத்தில் அந்தப் பாதுகாப்பு முழுவதுமாக முடிந்தபோது, வாடகை பல மடங்கு ஏறியது. மாமா குடும்பம் ஆயிர் ஈத்தாமில் அடுக்குமாடிக்குப் போனது. 2008-இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது. அந்த வீடு இப்போது ஒரு சிறு விடுதி.

"போன வருசம் அந்தப் பக்கம் போனேன்" என்றார் அம்மா. "முற்றத்துல செடி வச்சு அழகா வச்சிருக்காங்க. வாசல்லேயே நின்னு பாத்துட்டு வந்துட்டேன். உள்ளே வரலாமான்னு கேக்கக் கூச்சமா இருந்துச்சு."

கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார். "இடிச்சுப் போட்டிருந்தா அதுவும் இல்ல."

இதற்கு என்னிடம் தீர்ப்பு எதுவும் இல்லை. நாங்கள் கொடுத்த வாடகையில்தான் அந்தக் கூரை ஒழுகாமல் இருக்கிறது. நாங்கள் வந்து போவதால்தான் அந்தப் பாட்டிக்குப் பக்கத்து வீடு என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. இரண்டும் உண்மை. போகவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். போகிறவர்கள் ஹோட்டலுக்குப் போவதுபோல் போகக்கூடாது என்று மட்டும் சொல்வேன்.

பதிவு செய்யும் முன் உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். கடப்பிதழ் நகல் கேட்பார்கள். அது சட்டம், சந்தேகப்பட வேண்டாம். ஆளுக்கு ஓரிரவுக்கு இவ்வளவு என்று மாநகராட்சித் தங்கும் வரி உண்டு. 2026 மார்ச்சிலிருந்து அது அறைக் கட்டணத்திற்கேற்ப 200 யென் முதல் 10,000 யென் வரை. முதியவர்கள் இருந்தால் கீழ்த்தளத்தில் படுக்கை விரிக்க இடம் உண்டா, நாற்காலி உண்டா என்று கேளுங்கள். குளிர்காலத்தில் அறைகளைவிட நடைவழி நடுங்க வைக்கும், கம்பளிக் காலுறை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் இறங்கும் முன் வெளியே நன்றாகக் குளித்துவிட வேண்டும், அந்தத் தண்ணீர் எல்லாருக்கும் பொது. கடுகு தாளிக்கலாம், ஆனால் அறைக் கதவுகளை மூடிவிட்டுத் தாளியுங்கள். பாயும் காகிதக் கதவும் வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முக்கியமாக, விதிமுறைத் தாளின் முதல் பக்கத்தைப் படியுங்கள்.

கிளம்பும் நாள் விடியற்காலை ஆறு மணிக்கு டாக்சி தெருமுனைக்கு வந்துவிட்டது. என் மகன் பெட்டியைக் கீழே வைக்கப் போனான். "உருட்டாதே" என்றேன். நானும் கணவரும் ஆளுக்கு ஒரு கனத்த பெட்டி, சின்னவற்றைப் பிள்ளைகள். தூக்கிக்கொண்டே நடந்தோம், இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினோம்.

அம்மா மட்டும் பின்தங்கினார். திரும்பிப் பார்த்தேன். துடைப்பத்தால் நம் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பக்கம் சரியாக ஓர் அடி கூட்டிவிட்டு, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்து வந்தார்.