மைனருக்கு எத்தனை மீட்டர் வேண்டும்?

 

ஏப்ரல் சீசன் முடிந்தால் நம்ம ஊர்ப் பொடியன்மாருக்கு ஒரு காய்ச்சல் வரும். நுவரெலியாவில் மகாகஸ்தொட்டை பந்தயக் கார்களைப் பார்த்துவிட்டு வந்து, வாப்பா காலத்து மொரிஸ் மைனரின் டேஷ்போர்டில் ஓட்டை போடத் தொடங்குவார்கள். இந்த முறையும் ஒரு காரைப் பார்த்தோம். வரிசையாக ஏழு மீட்டர். வேலை செய்தது மூன்று.

சொன்னால், "சேர், உங்களுக்குப் பழசுதான் பிடிக்கும்" என்கிறார்கள். அப்படியில்லை. மைனருக்கு மேலதிக மீட்டர் கட்டாயம் வேண்டும் என்பதுதான் எங்கள் கட்சி. கம்பனி கொடுத்தது நடுவில் ஒரு ஸ்பீடோ மீட்டர், அதற்குள் பெற்றோல் முள், இரண்டு மூன்று எச்சரிக்கை விளக்கு. தண்ணீர் சூடாவதைச் சொல்ல ஒன்றுமே இல்லை. இங்கிலாந்தின் குளிருக்கு அது போதும். கித்துல்கலையிலிருந்து கினிகத்தேனை ஏறி ஹட்டன் வரும் வண்டிக்குப் போதாது.

ஆனால் மீட்டர் பூட்டியும் நாங்கள் ஒரு ஹெட்டை இழந்தவர்கள். கொழும்பில் கல்யாணம் முடிந்து குடும்பத்தோடு வருகிறோம். கித்துல்கல தாண்டி ஏற்றத்தில் முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்துவோமா என்று யோசிக்கும்போதே மளமளவென்று இறங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி மிதித்தோம். உண்மையில் கீழ் ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுக்கப் போயிருந்தது. சென்சர் வெறும் காற்றில் தொங்கியதால்தான் முள் இறங்கியது. கேஸ்கட் போய், ஹெட் வளைந்து, சின்னப் பிள்ளைகளோடு மழையில் ரோட்டோரம் அந்த இரவு. சூடான எஞ்சினில் முள் திடீரென்று இறங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும் என்று பூட்டிக் கொடுத்தவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சென்சரை மேல் ஹோஸை வெட்டி நடுவில் வைத்திருந்தார். லேசான வேலை. ஆனால் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை அங்கே உண்மையான சூடு தெரியாது. சில ஹெட்களில் தெர்மோஸ்டாட்டுக்குப் பக்கத்திலேயே அடைப்பு போட்ட துளை இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று, இது மலைநாட்டுக்காரருக்கு மட்டும். மீட்டரில் அடித்த பச்சையும் சிவப்பும் கடல் மட்டத்துக் கணக்கு. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கும், ஹட்டனில் 96 அளவில். 7 பி.எஸ்.ஐ. ரேடியேட்டர் மூடி சரியாக அடைத்தால் அதற்கு மேல் 10 பாகைக்குக் குறையாமல் தாங்கும். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் முள் சிவப்பைத் தொடும் முன்பே பொங்கிவிடும். ஆகவே முதலில் மூடி, பிறகு மீட்டர்.

வெக்கும் மீட்டரும் அப்படியே. ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைத்துக் காட்டும். கொழும்பில் 19 காட்டும் நல்ல எஞ்சின் நுவரெலியாவில் 13 காட்டும். அதைப் பார்த்துப் பயந்து வால்வு வேலைக்கு ஹெட்டைக் கழற்றியவரை எங்களுக்குத் தெரியும். பாவம், நல்ல எஞ்சின்.

வெக்கும் மீட்டரை விடுங்கள். ஒயில் பிரஷர் மீட்டரை மட்டும் விடாதீர்கள். ஒயில் விளக்கு, பிரஷர் மிகக் கீழே விழுந்த பிறகுதான் எரியும், அப்போது பெயரிங் பாதி போயிருக்கும். சூடான எஞ்சின் ஓட்டத்தில் 60 அளவு, ஐட்லிங்கில் 15 அளவு காட்டினால் நிம்மதியாக ஓட்டலாம். டீ-பீஸ் ஒன்று போட்டால் பழைய விளக்கும் இருக்கும். குழாய் மெல்லிய செம்பாக இருக்கட்டும், தகட்டைத் துளைத்து வரும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். பிளாஸ்டிக் குழாய் உரசி அறுந்தால் கொதிக்கும் ஒயில் உங்கள் காலில்தான் கொட்டும்.

அம்பியர் மீட்டர் அழகுதான். ஆனால் ஸ்டார்ட்டருக்குப் போவது தவிர வண்டியின் கரண்ட் அநேகமாக அதன் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் ஓடும், வயர் உரசினால் நெருப்பு. வோல்ட் மீட்டர் போதும், மெல்லிய வயர் போதும். பஞ்சிகாவத்தையில் வாங்கும் முன் உங்கள் பற்றறியின் எந்த முனை பொடியில் கட்டியிருக்கிறது என்று பாருங்கள். மாற்றாத மைனரில் அது பொசிட்டிவ். இப்போது விற்கும் மின்சார மீட்டர்கள் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த்துக்குச் செய்தவை. செம்புக் குழாயில் வேலை செய்யும் பழைய வகைக்கு இந்தத் தொல்லையே இல்லை.

ஆக மூன்றுதான்: சூடு, ஒயில், வோல்ட். மூன்றையும் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு தகட்டில் பூட்டலாம், ஏற்கெனவே இருக்கும் திருகுகளிலேயே அது நிற்கும். 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது இந்தக் கிழட்டுக் கார்கள்தான் எத்தனையோ வீடுகளுக்குக் கைகொடுத்தன. வெட்டாத டேஷ்போர்டு இனி எங்கே கிடைக்கும்?

எங்கள் தகட்டின் அளவை அட்டையில் வெட்டி வைத்திருக்கிறோம். வேண்டிய தம்பிமார் ஜும்ஆ முடிந்து வந்து வாங்கிக்கொள்ளலாம். வரும்போது ரேடியேட்டர் மூடியையும் கழற்றிக் கொண்டு வாருங்கள். எஞ்சின் ஆறிய பிறகு.