வெள்ளரிக் கொடியா, ரைஹான் செடியா?



மன்னார் உயிலங்குளத்திலிருந்து ஒரு சகோதரி இந்தப் பகுதிக்கு எழுதியிருக்கிறார். எருக்கலம்பிட்டியில் பிறந்தவர். 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது தாயின் இடுப்பிலிருந்தபடி படகில் கற்பிட்டி போய்ச் சேர்ந்தவர். புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே திருமணமாகி, இப்போது உயிலங்குளத்தில் ஒரு சிறு வளவில் வீடு கட்டிக் குடியிருக்கிறார். கிணற்றடிக்கும் குசினிக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் வெறுமையாகக் கிடக்கிறதாம். அதில் என்ன வைப்பது என்பதுதான் வீட்டில் நடக்கும் வழக்கு.

மாமி வெள்ளரிக் கொடி போதும் என்கிறார். மூன்று மாதத்தில் காய்க்கும், தின்போம், முடிந்துவிடும். நின்று வளரும் மரஞ்செடி வைத்தால் பிறகு விட்டுப்போக மனம் வராது என்கிறாராம். மருமகளுக்கோ என்றும் பச்சையாக நிற்கும் செடிதான் வேண்டும். அல்ஹம்ரா அரண்மனைப் படமொன்றில், தடாகத்தின் இரு கரையிலும் வெட்டிவிட்ட குறுஞ்செடி வேலியைப் பார்த்திருக்கிறார். அது நம் மண்ணில் வருமா என்று கேட்கிறார்.

முதலில் அந்தச் செடியைப் பார்ப்போம். ஸ்பெயின் நாட்டில் கிரனாடாவிலுள்ள அல்ஹம்ராவின் அந்த முற்றத்துக்கே செடியின் பெயர்தான். ஸ்பானிய மொழியில் ‘அர்ராயான்’ என்பார்கள். அரபியின் ‘அர்ரைஹான்’தான் நாக்கு மாறி அப்படியாயிற்று. ஆங்கிலேயர் மிர்ட்டில் என்பதும், அரபிகள் ஆஸ் என்பதும் இதையே. ரைஹான் என்ற சொல் சூரா ரஹ்மானிலும் சூரா வாகிஆவிலும் வருகிறது. நறுமணச் செடி என்பது அதன் பொதுப்பொருள். மொரோக்கோப் பக்கம் ரைஹான் என்றால் இந்த மிர்ட்டில். எகிப்து, சிரியாப் பக்கம் துளசி இனத்துச் செடி, அதாவது நம் திருநீற்றுப்பச்சையின் சொந்தம். ரைஹானைத் தந்தால் மறுக்க வேண்டாமென்ற நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நாமும் பிள்ளைகளுக்கு ரைஹான், ரைஹானா என்று பெயர் வைக்கிறோம். செடியை மட்டும் கண்டதில்லை.

உயிலங்குளத்தில் வருமா? மிர்ட்டில் மத்தியதரைக் கடலோரத்துச் செடி. குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி, தண்ணீர் தங்காத மண் என்று பழகியது. வெயிலை அது தாங்கிக்கொள்ளும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் சொதசொதவென்று நிற்கும்போது வேர் அழுகிவிடும். கன்றும் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. ஆசைக்கு ஒரு தொட்டியில், பாதிக்குப் பாதி மணல் கலந்து வைத்துப் பாருங்கள். உள்ள ஒரே துண்டு நிலத்தை அதற்குக் கொடுக்காதீர்கள்.

ஆனால் மிர்ட்டிலின் குடும்பம் நம் வீட்டுக்கு அந்நியமானதல்ல. கொய்யா, நாவல், ஜம்பு, கறிக்குப் போடும் கராம்பு எல்லாமே அந்தக் குடும்பம்தான். நாவல் பெருமரம், சின்ன வளவை விழுங்கிவிடும். ஜம்புவுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டும். கொய்யாதான் சரி. ஆண்டு முழுதும் பச்சை; களிமண்ணையும் ஓரளவு உவர்த் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ளும்; வெட்டிவிட்டால் ஆறடியில் புதராகவே நிற்கும். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி உண்டு. தோடம்பழத்தில் சுமார் 50தான். ஆகவே, சகோதரியே, உங்கள் ரைஹானுக்குப் பதில் கொய்யாவை வைத்துக்கொண்டு வழக்கைப் பேசுவோம்.

மாமியின் கொடிக்கு வருகிறேன். வெள்ளரிப்பழத்தை எனக்கும் பிடிக்கும். பழுத்ததும் தானாக வெடித்து, மாப்போல உதிரும் சதை. மேலே கொஞ்சம் சீனி தூவினால் வேறென்ன வேண்டும்? வெள்ளரிக்காயைப் பேரீச்சம்பழத்தோடு நபி (ஸல்) அவர்கள் சாப்பிட்டதாக புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அது காய், இது பழம். ஆனாலும் ஒரே இனம்.

மழை ஓய்ந்த தை மாதத்தில் விதை போடுங்கள். மன்னாருக்கு ஆண்டு முழுவதற்கும் கிடைக்கும் மழை ஏறக்குறைய 1000 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பருக்குள் கொட்டிவிடும். தையில் ஈரமும் இருக்கும், வெயிலும் இருக்கும். உங்கள் வளவில் முருங்கன் பக்கத்தைப் போல வெடிக்கும் கறுப்புக் களிமண் என்றால் குழியில் போடாதீர்கள். மணலும் மக்கிய மாட்டெருவும் கலந்து ஓரடி உயர மேடு கட்டி, மேட்டுக்கு மூன்று நான்கு விதை ஊன்றி, முளைத்தபின் நல்லதாக இரண்டை விடுங்கள். மேட்டுக்கு மேடு ஐந்தாறு அடி இடைவெளி வேண்டும். தண்ணீரைக் காலையில் அடியில் ஊற்றுங்கள்; இலை ஈரமாகவே இருந்தால் பூஞ்சை நோய்கள் பிடிக்கலாம்.

முதலில் வரும் பூக்கள் உதிர்ந்ததும், கொடி மலடு என்று பிடுங்கி எறிகிறவர்கள் உண்டு. பாவம் அந்தக் கொடி! முதலில் வருபவை ஆண்பூக்கள். பெண்பூ பிறகுதான் வரும். அடியில் குட்டிக்காயோடு பிறப்பதே பெண்பூ. தேனீ வராத வளவென்றால், காலையில் ஆண்பூவைப் பறித்து அதில் தொட்டுவிடுங்கள். பிஞ்சு கோழிமுட்டையளவு ஆனதும் கடதாசிப் பையால் மூடுங்கள். இல்லையேல் பழ ஈ துளைத்து முட்டையிட்டுவிடும். புழு விழுந்த காயைக் குப்பையில் எறியாமல் ஆழமாகப் புதையுங்கள். பழம் மஞ்சளாகி மணக்கத் தொடங்கும்போது ஓலையோ வைக்கோலோ சுற்றிக் கட்டினால் வெடித்தாலும் சிதறாது. ஆடும் மன்னாருக்கே பேர்போன கழுதைகளும் நுழையாதபடி வேலி கட்டாயம். ஒரு கழுதை ஒரு மாலையில் மூன்று மாத உழைப்பைத் தின்றுவிடும்.

சித்திரையில் பழம், வைகாசிக்குள் கொடி காய்ந்துவிடும். அது நல்லதுதான், பிறகு சோளகக் காற்று. அந்தக் காற்றின் பலம் தெரிய வேண்டுமானால் மன்னார்த் தீவில் வரிசையாக நிற்கும் தம்பபவனி காற்றாலைகளைப் பாருங்கள்! வெள்ளரி இலை அதன் முன் நிற்காது.

கொய்யா நிற்கும். அதனால்தான் அதைத் துண்டின் தென்மேற்கு மூலையில் வைக்கச் சொல்கிறேன். காற்றையும் மறைக்கும், குசினிக்கு மாலை வெயிலையும் மறைக்கும். பதியன் கன்றாக வாங்கினால் இரண்டு மூன்று ஆண்டில் காய்க்கும். இரண்டடி ஆழ, அகலக் குழியில் எருவிட்டு ஐப்பசி மழையோடு நடுங்கள். புதுக்கிளையில்தான் பூப்பூக்கும் என்பதால் பழம் முடிந்ததும் நுனிகளை வெட்டுங்கள். இதற்கும் பழ ஈ உண்டு. அது வேறு ஈ, ஆனால் கை மருந்து அதே கடதாசிப் பைதான்.

தண்ணீர்தான் இரண்டுக்கும் போட்டியிடும். கோடையில் கிணறு இறங்கும்போது கொடி நாள்தோறும் கேட்கும். கொய்யா முதலாண்டு தாண்டினால் வாரம் ஒருமுறைக்குப் பொறுக்கும். வுழூச் செய்யும் இடத்திலிருந்து ஒரு சிறு வாய்க்காலைக் கொய்யாவுக்கு வெட்டிவிடுங்கள். ஐந்து பேர், ஐந்து நேரம், ஆளுக்கு இரண்டு லீற்றர் என்றாலே நாளுக்கு 50 லீற்றர். சவர்க்காரத் தண்ணீரை அதில் கலக்க விடாதீர்கள்.

மாமியின் பேச்சுக்கு வருகிறேன். அதை நான் இரண்டு முறை படித்தேன். கையில் எடுத்ததோடு வெளியேறிய தலைமுறை அது. உயிலங்குளமும் 2002 போர்நிறுத்தக் காலத்தில் இரு தரப்புப் பகுதிகளுக்கும் நடுவே மக்கள் வரிசையில் நின்று கடந்த வாசல்களில் ஒன்று. அப்படியான நிலத்தில் மரம் நட யோசிப்பவரிடம் வாதாடிப் பயனில்லை. காணிப் பத்திரம் இன்னும் கைக்கு வரவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அரச காணியென்றால் மரம் வைத்ததால் மட்டும் அது உங்களுடையதாகிவிடாது. பிரதேச செயலகத்தில் அனுமதிப்பத்திரத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்து, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகக் காத்திருந்து ஐப்பசியைத் தவறவிடாதீர்கள் என்பதே என் கருத்து. கொய்யாக் கன்று விலை அதிகமில்லை. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்தார்கள் என்பார்கள். அவர்கள் பத்திரம் பார்த்து வைத்திருக்கமாட்டார்கள்!

மாமியின் கொடியையும் விடவேண்டாம். கன்று சிறிதாயிருக்கும் முதல் இரண்டு ஆண்டுகளும் அதன் நிழல் கொடியைத் தடுக்காது. தையில் கிழக்குப் பக்கமாக மேடு கட்டி வெள்ளரியைப் போடுங்கள். பிறகு கொய்யா விரிந்ததும் கொடியை வேலியோரம் தள்ளிவிடலாம். நன்றாகப் பழுத்த முதல் பழத்தின் விதையைக் கழுவிச் சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்தி, போத்தலில் அடைத்து மாமியிடம் கொடுத்து வையுங்கள். அடுத்த தைக்கு விதை வாங்கத் தேவையில்லை.