கோடு போடும் முன் பாலாற்றைப் பாருங்கள்

வேலூரிலிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் காட்பாடிக்குள் நுழைந்தால் மாநகராட்சி மாறாது, மாவட்டமும் மாறாது. எம்.பி. மாறிவிடுவார். காட்பாடி இருப்பது அரக்கோணம் மக்களவைத் தொகுதியில்.

2008இல் நடைமுறைக்கு வந்த தொகுதி மறுசீரமைப்பின் விளைவு இது. அதற்கு முன் காட்பாடி வேலூரோடு இருந்தது. வாணியம்பாடியோ திருப்பத்தூர் மக்களவைத் தொகுதியில் இருந்தது. அந்தத் தொகுதியே மறைந்துவிட்டது. பேரணாம்பட்டு சட்டமன்றத் தொகுதி போய், ஆம்பூர் மீண்டும் தொகுதியானது. 2019 நவம்பரில் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை என மூன்றாகப் பிரிந்தபோது சிக்கல் இன்னும் இறுகியது. திருப்பத்தூர் மாவட்டத்தின் நான்கு சட்டமன்றத் தொகுதிகளில் ஆம்பூரும் வாணியம்பாடியும் வேலூர் மக்களவைத் தொகுதியில். ஜோலார்பேட்டையும் திருப்பத்தூரும் திருவண்ணாமலையில். ஒரே ஆட்சியர், இரண்டு எம்.பி.க்கள்.

அடுத்த மறுசீரமைப்பில் தமிழ்நாட்டின் 39 மக்களவை இடங்கள் குறையுமா என்பதே இன்று எங்கும் பேச்சு. 1967இல் 41 இடங்கள் 39 ஆனதை மறக்காத மாநிலத்துக்கு அந்தக் கவலை நியாயமானது. ஆனால் 39 அப்படியே நின்றாலும், உள்ளே கோடு எங்கே விழும் என்பதை யாரும் கேட்பதில்லை. தோல் தொழில் நடக்கும் இந்தப் பகுதிக்கு அந்தக் கேள்விதான் முதலில் வரவேண்டும்.

வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஆலைகளும் ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளும் ஒரே பாலாற்றை நம்பியவை, அதே ஆற்றைக் கெடுத்தவை. 1996இல் இந்த மாசு குறித்து உச்ச நீதிமன்றத்தில் புகழ்பெற்ற தீர்ப்பை எழுதியவர் நீதிபதி குல்தீப் சிங். பின்னாளில் தொகுதி மறுசீரமைப்பு ஆணையத்துக்குத் தலைமை வகித்தவரும் அவரே! அந்த ஆணையம் போட்ட வரைபடத்தில் ஆம்பூர் வேலூரிலும் ராணிப்பேட்டை அரக்கோணத்திலும் இருக்கின்றன. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே மாசுக்காகத் தீர்ப்பு சொல்ல வேண்டியிருந்தது. கழிவுநீர் சுத்திகரிப்புக்கும் ஷூ கம்பெனித் தொழிலாளர் நலனுக்கும் டில்லியில் குரல் கொடுக்க வேண்டிய பொறுப்பு இப்படிச் சிதறிக் கிடக்கிறது.

கோடு முடிவையே மாற்றும். 2019 ஆகஸ்டில் நடந்த வேலூர் தேர்தலில் கதிர் ஆனந்த் 8,141 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வாணியம்பாடியில் அவர் பெற்ற முன்னிலை அதைவிடப் பெரியது. பழைய எல்லை நீடித்திருந்தால் அந்த வாக்குகள் வேலூர்க் கணக்கிலேயே வந்திருக்காது.

மாற்று வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். மூன்று மாவட்டங்களிலும் இருப்பவை 13. திருப்பத்தூர் மாவட்டத்தின் நான்கோடு குடியாத்தம், கீழ்வைத்தினான்குப்பம் சேர்ந்தால் ஒன்று. வேலூர், அணைக்கட்டு, காட்பாடியோடு ராணிப்பேட்டை, ஆற்காடு, சோளிங்கர் சேர்ந்தால் இன்னொன்று. அரக்கோணம் மட்டும் இப்போதுபோலத் திருத்தணியோடு கிழக்கே நிற்கும். சட்டமன்றத் தொகுதிகளின் எல்லையே மாறினாலும், திருப்பத்தூர் மாவட்டத்தை உடைக்காமல் இருப்பதற்கான இடம் இந்தக் கணக்கில் உண்டு.

நில அமைப்பு, நிர்வாக எல்லை, போக்குவரத்து, மக்கள் வசதி ஆகியவற்றைக் கருத வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மறுசீரமைப்புச் சட்டமே சொன்னது. ஆணையத்தில் இணை உறுப்பினர்களாக அமரும் எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்கு வாக்குரிமை கிடையாது. வரைவு வெளியானதும் பொதுமக்கள் தரும் ஆட்சேபமே கையில் இருக்கும் கருவி. இறுதி ஆணை வந்தபின் நீதிமன்றத்தில் அதை அசைப்பது மிகக் கடினம். ஆலை உரிமையாளர்களும் தொழிற்சங்கங்களும் பாலாற்று விவசாயிகளும் மற்ற எல்லாவற்றிலும் மோதிக்கொண்டாலும், இந்த ஒரு மனுவை வரைபடத்தோடு இப்போதே தயார் செய்ய வேண்டும்.