புதுப் பூச்சுக்குள் புதையும் வன்னி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வீட்டுக் கராஜில் வைத்துச் சொந்தக் கையால் புதுப்பிப்பதற்கு மேற்குலகில் 'மீட்டெடுத்தல்' என்று மதிப்பான ஒரு பெயர் உண்டு. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒருவர் தமது வார இறுதிகளை ஒரு எம்.ஜி. மிட்ஜெற்றுக்குக் கொடுத்தால் அவரைக் கலைஞர் என்பார்கள். சங்கம் வைத்துக் கொண்டாடுவார்கள். சஞ்சிகையில் படம் போடுவார்கள். அதே எஞ்சினை முல்லைத்தீவில் ஒரு கிடுகுக் கொட்டிலின் கீழ், ஒரு சாவிப் பெட்டியும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் மட்டும் வைத்துக்கொண்டு உயிர்ப்பித்தவனுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? 'கராஜ்காரன்'. அவ்வளவுதான். இந்தப் பெயர் வேறுபாட்டைப் பற்றியதே இந்தப் பதிவு. சற்றுக் காரமாகவே எழுதுகிறேன், நண்பர்கள் பொறுத்தருள்க.

'அதே எஞ்சின்' என்று சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948 இல் இலண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. 1952 முதல் அதற்குள் ஒஸ்ரின் நிறுவனத்தின் ஏ-சீரீஸ் எஞ்சின் புகுந்தது. முதலில் 803 சீசீ, 1956 இல் 948 சீசீ. 1958 இல் ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்ற சின்னஞ்சிறு ஸ்போர்ட்ஸ் கார் வந்தபோது அதன் முன்மூடிக்குள் இருந்ததும் இந்த 948 சீசீ எஞ்சின்தான். இரட்டைக் காபரேற்றர் பூட்டிச் சற்று முறுக்கேற்றியிருந்தார்கள். 1961 இல் வந்த எம்.ஜி. மிட்ஜெற்றும் அதே குடும்பம். எம் ஊர்களில் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜின் 1489 சீசீ எஞ்சினும், 1955 இல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினும் ஒரே பீ-சீரீஸ் வயிற்றில் பிறந்தவை. ஆகவே ஸ்போர்ட்ஸ் கார் மீட்டெடுப்பவரும் வன்னிக் கராஜ்காரனும் கழற்றிப் பூட்டியது ஒரே இரும்பைத்தான். ஒருவருக்கு அது பொழுதுபோக்கு. மற்றவனுக்கு அது பிரசவ வலியில் துடித்த பெண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் ஒரே வழி.

இந்தக் கார்கள் எங்களிடம் தங்கியதும் தற்செயல் அல்ல. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அந்நியச் செலாவணி நெருக்கடியால் புதிய கார்களின் வரத்து நாடு முழுவதும் சுருங்கியது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் தெற்கு படிப்படியாக யப்பானிய வாகனங்களுக்கு மாறியது. வடக்கு மாறி முடிப்பதற்குள் போர் வந்துவிட்டது. 1990 ஜூனில் மீண்டும் சண்டை மூண்டபின் பெற்றோல், டீசல், பற்றறி, உதிரிப்பாகம், சீமெந்து என்று தடைப்பட்டியல் நீண்டது. தடை தளர்ந்தது 2002 இன் போர்நிறுத்தத்தோடுதான். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள்! அவ்வளவு காலமும் ஒரு வாகனம் ஓடவேண்டுமானால் அது மண்ணெண்ணெயில் ஓடவேண்டும். உடைந்தால் உள்ளூரிலேயே ஒட்டப்படவேண்டும்.

மண்ணெண்ணெயில் கார் ஓடியதைப் பலர் இன்று வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அதன் தொழில்நுட்பத்தை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலகுவில் ஆவியாகாது. எனவே சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அதன் ஒக்டேன் அளவு குறைவு. அமுக்கம் கூடிய எஞ்சினில் 'டக டக' என்று தட்டும். பழைய பிரித்தானியக் கார்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதாலேயே அவை தாக்குப்பிடித்தன. நவீன யப்பானியக் கார்கள் பல கொட்டில்களில் முடங்கின. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டி வழிந்து அடியிலுள்ள எஞ்சின் எண்ணெயைத் தண்ணீராக்கும். பிளக்கில் கரி படியும். எண்ணெயை எப்போது மாற்றுவது, பற்றவைக்கும் நேரத்தை எவ்வளவு பின்தள்ளுவது, பிளக்கை எத்தனை ஓட்டத்துக்கு ஒருமுறை சுரண்டுவது என்பவை எந்தக் கைந்நூலிலும் எழுதப்படாமல், காதாலும் மூக்காலும் விரல்நுனியாலும் கற்கப்பட்டன. பிரித்தானியாவில் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கென்றே தனி உழவு இயந்திரங்களை ஒரு காலத்தில் தொழிற்சாலைகள் தயாரித்தன. பொறியியலாளர்கள் மேசை போட்டு வரைந்தார்கள். வன்னியில் அதே பிரச்சினையை எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்களும் தீர்த்தார்கள்.

இதிலுள்ள கொடிய முரணையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வெயார் என்பவர் மொறிஸ் மைனர்களைப் புதுப்பிக்கும் நிலையம் ஒன்றை நடத்தினார். 'காரை எறியாதே, காலமெல்லாம் பேணு' என்பது அவரது கொள்கை. அவரது முயற்சியால் தொண்ணூறுகளில் மொறிஸ் மைனருக்கான உதிரிப்பாகங்கள் இலங்கையிலேயே தயாராகி இங்கிலாந்துக்குப் போயின. ஒரே தீவு, ஒரே பத்தாண்டு. தீவின் தெற்கில் செய்த தகடு கடல் கடந்து பாத் நகரத்துக்குப் போகலாம். ஓமந்தையைக் கடந்து மாங்குளத்துக்குப் போக முடியாது! பழைய காரைப் பேணுவது உலக நாகரிகம் என்றால், அந்த நாகரிகத்தை மிகக் கடுமையான சூழலில் கடைப்பிடித்தவர்கள் யார் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கியூபாவைப் பாருங்கள். அமெரிக்கத் தடைக்குப் பிறகு ஹவானாவில் ஐம்பதுகளின் அமெரிக்கக் கார்கள் சோவியத் எஞ்சின்களோடு ஓடின. உலகமே போய்ப் படம் எடுத்தது. புகைப்பட நூல்கள் குவிந்தன. சுற்றுலாப் பயணி காசு கொடுத்து ஏறிக்கொண்டான். தடையை வென்ற கைத்திறன் என்று அது இன்று கியூபாவின் அடையாளமாகிவிட்டது. வன்னிக்கு அப்படியொரு புகைப்பட நூல் உண்டா? ஹவானாவின் கார் படத்தைத் தமது வரவேற்பறையில் மாட்டியிருக்கும் எம்மவர் வீடுகளை வெளிநாடுகளில் கண்டிருக்கிறேன். பரந்தன் சந்தியில் நின்ற ஒரு ஏ-40 சோமசெற்றின் படத்தை எந்த வீட்டிலும் காணவில்லை.

சரி, அந்த வாகனங்கள் எங்கே? 2008 இலிருந்து மக்கள் கிளிநொச்சியை விட்டு விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று கிழக்கே தள்ளப்பட்டபோது உழவு இயந்திரமும் உந்துருளியும் சைக்கிளும் ஓடக்கூடிய எல்லா வாகனமும் கூடவே போயின. 2009 மேயில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவர்கள் வெறுங்கையோடு கடந்தார்கள். வாகனங்கள் முள்ளிவாய்க்கால் மணலில் நின்றன; குவியல் குவியலாக, கருகி, துருவேறி. போருக்குப் பின் வந்தவர்கள் அந்தக் குவியல்களைப் படம் எடுத்தார்கள். பிறகு பழைய இரும்பு வியாபாரம் நடந்தது. 2006 டிசம்பரில் முல்லைத்தீவுக் கடற்கரையோரம் தரைதட்டிய 'பரா-3' என்ற ஜோர்தானியச் சரக்குக் கப்பலும் இரும்புக்காகவே வெட்டப்பட்டது. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். வன்னியில் யானை கிலோக் கணக்கில் நிறுக்கப்பட்டது.

எல்லாமே அழிக்கப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். போருக்குப் பின் புதுக்குடியிருப்பில் புலிகள் கட்டிய படகுகளும் நீரடிக் கலங்களும் வெற்றிப் பொருட்களாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. தெற்கிலிருந்து பேருந்து பேருந்தாக வந்து பார்த்தார்கள். அதாவது வன்னியின் கைத்திறனில் ஆயுதமாக இருந்தது மட்டும் காட்சிக்குத் தகுதி பெற்றது. நோயாளியைச் சுமந்தது, நெல்லை ஏற்றியது, பிள்ளையைப் பரீட்சைக்குக் கொண்டுபோனது எதுவும் தகுதி பெறவில்லை. இதன் விளைவு சாதாரணமானதல்ல. வன்னி என்றால் போர், வன்னியின் இரும்பு என்றால் ஆயுதம் என்ற ஒற்றைச் சித்திரமே வரலாறாக எஞ்சுகிறது. அங்கே வாழ்ந்தவர்கள் குடிமக்கள், தொழில் தெரிந்தவர்கள், தம் பாட்டில் வாழ முயன்றவர்கள் என்பதற்கான சான்று கண்முன்னே கரைகிறது. நான் எந்த இயக்கத்தின் புகழையும் பாடவில்லை. எரிபொருளுக்கு வரி வாங்கியவர்களையும் சமாளித்துத்தான் அந்தத் தொழிலாளி தன் கொட்டிலை நடத்தினான்.

இனி, தப்பிய கார்களுக்கு வருவோம். 2002 இல் ஏ-9 வீதி திறந்ததும், பிறகு 2009 க்குப் பின்னரும், தெற்கின் சேகரிப்பாளர்களும் தரகர்களும் வடக்கின் பழைய கார்களைத் தேடி வந்தார்கள். வாங்கியது குற்றமல்ல. வறுமையில் விற்றவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கும் இல்லை. இரும்புக் கடையை விடச் சேகரிப்பாளரின் கொட்டகை மேல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் சண்டை அதற்கு அடுத்த படியோடுதான். கார் போனதும் முதலில் நடப்பது என்ன? உள்ளூரில் அடித்த தகடு கழற்றி எறியப்படுகிறது. லேத்தில் கடைந்து பூட்டிய துண்டு எறியப்படுகிறது. ஷெல் துண்டு துளைத்த இடம் நிரப்பப்படுகிறது. 1956 இல் இங்கிலாந்துத் தொழிற்சாலையை விட்டு வந்த நிறம் மீண்டும் பூசப்படுகிறது. காரின் வாழ்க்கையில் முப்பது நாற்பது ஆண்டுகள் இல்லாமல் போகின்றன. இதற்குப் பெயர் மீட்டெடுத்தலாம்!

இலக்கத் தகட்டையே பாருங்கள். ஈ.எல்., ஈ.என். போன்ற ஆங்கில எழுத்துத் தகடுகளுக்குச் சேகரிப்பாளரிடையே தனி மவுசு. அடுத்து வந்தது சிங்கள 'ஸ்ரீ' தகடு. 1957 ஜனவரியில் அது வந்தபோது தமிழரசுக் கட்சி எதிர்ப்பு இயக்கம் நடத்தியது. 1958 மார்ச்சில் ஸ்ரீ பொறித்த பேருந்துகள் வடக்குக்கு அனுப்பப்பட்டபோது எழுத்தின்மேல் தார் பூசினார்கள். ஏப்ரலில் பண்டா-செல்வா ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதத்தில் இரத்தம் ஓடியது. ஒரு பழைய காரின் பின்புறத்தில் இவ்வளவு வரலாறு தொங்குகிறது. அதை மெருகேற்றி 'அழகிய பழமை' என்று மட்டும் காட்டுவது பழமைக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான 'பீவா' 2012 இல் தூரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. பழங்கட்டடங்களுக்கான 1964 ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றிய ஆவணம் அது. காரைத் தொழிற்சாலையை விட்டு வந்த நாளுக்குத் திருப்புவதே இலட்சியம் அல்ல. அதன் பயன்பாட்டுக் காலத்தில் ஏற்பட்ட மாற்றங்களும் வரலாற்றுச் சான்றுகளே. செய்யும் வேலையை ஆவணப்படுத்தவேண்டும் என்பதே அதன் சாரம். ஆக, நான் கேட்பது சேகரிப்பாளர்கள் தாமே ஏற்றுக்கொண்ட நெறியை. எம்.ஜி.பீ. காருக்கு 1988 முதல் இங்கிலாந்தில் புத்தம்புதிய உடற்கூடே செய்து விற்கிறார்கள். அதைப் பூட்டியும் 'பழைய கார்' என்று கொண்டாடுகிறார்கள். அப்படியிருக்க, வன்னியில் அடித்த தகட்டை மட்டும் 'போலி' என்பது எந்த நியாயம்?

"ஆயிரமாயிரம் மனிதர் மாண்ட மண்ணில் காரைப் பற்றிப் பேசுகிறாயே" என்று ஒருவர் கேட்பார். கேட்கவேண்டிய கேள்விதான். என் பதில் இது: மாண்டவர்களை எண்ணிக்கையாக மட்டும் நினைவுகூர்வதும் ஒரு வகை அழிப்பே. அவர்கள் என்ன தொழில் செய்தார்கள், எதை அறிந்திருந்தார்கள், எதைக் கொண்டு எதைச் சமாளித்தார்கள் என்பதும் சேர்ந்ததே அவர்களது வாழ்வு. மேலும் இது பழங்கதையும் அல்ல. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரி வரை தனியார் வாகனங்களுக்குக் கதவு மூடியிருந்தது. 2022 இல் நாடு முழுவதும் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றது. இல்லாமையோடு வாகனம் ஓட்டும் கலையில் பன்னிரண்டு ஆண்டு அனுபவம் கொண்ட பிரதேசம் ஒன்று இதே நாட்டில் இருக்கிறதே, அதனிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று கொழும்பில் யாருக்கும் தோன்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை என்பதே என் ஆத்திரம்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது; 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் மோட்டார் தொழில்நுட்பமும் கற்பிக்கிறது. அந்த மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பழைய கராஜ்காரரிடம் ஒரு நாள் இருந்து, அவர் சொல்வதைப் பதிவு செய்து, அவர் கைப்படச் செய்த கருவிகளை அளந்து வரையட்டும். அது அவர்களின் பாடமாகவே இருக்கட்டும். 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தில் அந்தப் பதிவுகள் சேரட்டும். கோயம்புத்தூரில் கார்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் நிற்கிறது. முல்லைத்தீவில் ஒரு கொட்டகை போட எமக்கு வழியில்லையா? வடக்கிலிருந்து கார் வாங்கியவர்கள், பூச்சு அடிப்பதற்கு முன் கழற்றிய ஒவ்வொரு துண்டையும் படம் எடுத்துப் பெயரிட்டு வைக்கட்டும். புலம்பெயர்ந்த நண்பர்கள் ஒரு மிட்ஜெற்றின் குரோமியத்துக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை இதற்குக் கொடுக்கட்டும்.

தடைக்காலத்தில் முப்பது வயதாக இருந்த கராஜ்காரருக்கு இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. அவரது கண்ணுக்கு வெண்படலம் வந்துவிட்டது. மகன் ஓட்டோ ஓட்டுகிறான் அல்லது கப்பலேறிவிட்டான். துருப்பிடித்த தகட்டை எந்த நூற்றாண்டிலும் மாற்றலாம். அவர் காதில் இருக்கும் எஞ்சின் ஓசையை, அவர் இருக்கும்போது மட்டுமே கேட்கலாம்.