சிறுமிகள் லாக்ரோஸ்: நடுவர் ஏன் 3 விநாடி எண்ணுகிறார்?

வலை கட்டிய மட்டையில் பந்தை ஏந்தி ஓடி, கோல் போடும் விளையாட்டுதான் லாக்ரோஸ். அமெரிக்காவில் சிறுமிகளுக்கு இதில் தனி விதிகள் இருக்கு.

என்ன வித்தியாசம்?

ஆண்கள் ஹெல்மெட் போட்டு மோதலாம். பெண்கள் ஆட்டத்தில் உடல் மோதல் கூடாது. கோல்கீப்பரைத் தவிர மற்றவர்களுக்குப் பொதுவாகக் கட்டாயம், கண் கவசமும் பல் கவசமும்தான். புளோரிடாவில் பள்ளி மாணவிகளுக்குத் தலைக்கவசமும் கட்டாயம்.

மட்டையைத் தட்டலாமா?

10 வயதுக்கு உட்பட்டோர் எதிராளியின் மட்டையைத் தட்டவே கூடாது. 12 வயதுப் பிரிவில், தோளுக்குக் கீழே இருந்தால் மட்டும் தட்டலாம்.

அப்போ பந்தை எப்படிப் பறிப்பது?

எதிராளி நெருங்கி மறித்து நிற்கும்போது, தட்டுவதற்கு எட்டும் இடத்தில் 3 விநாடிக்கு மேல் பந்தை வைத்திருந்தால், பந்து எதிரணிக்குப் போய்விடும்.

சிக்கல் எங்கே?

அந்த 3 விநாடியை எண்ணுவது நடுவர். கோலை நோக்கிப் பந்து பாயும் பாதையில் ஒரு சிறுமி குறுக்கே நின்றால், விசில் ஊதி நிறுத்துவதும் அவர்தான். விசில் தாமதமானால் பந்து தலையில் படலாம்.

சிறுவர் ஆட்டங்களில் பல நேரம் நடுவராக நிற்பதும் டீன்ஏஜ் பிள்ளைகள்தான். பெற்றோர் கத்தினால் அவங்க மறுபடி வருவாங்களா? நடுவர் இல்லைன்னா, இந்த விதிகள் வெறும் காகிதம்தான்.